ஊர் தெரியாதவன் போல வா

பிரினாரி, கிரீட்
5 பிப்ரவரி 1984

அன்புத் தம்பி மனூசோஸுக்கு,

அக்கா அர்கிரோ எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் அம்மாவின் இதயம் களைத்துப்போய்விட்டது. ரெதிம்னோ டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோடைக்காலம் வரை ஓட்டிவிடலாம், அதற்கு மேல் தன்னைக் கேட்காதே என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கிறது.

நேற்று சூப் ஊட்டும்போது கரண்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அவன் மொகத்த ஒரு தடவ பாத்துட்டாப் போதும்டி. வாசல்ல நின்னு காட்டிட்டுப் போகட்டும், உள்ள கூட வரவேணாம்."

எனக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா, தெரியவில்லை. வா என்று எழுதினால் உன்னைக் கொலைக்குக் கூப்பிடுகிறேன். வராதே என்று எழுதினால் பெற்றவளை ஏமாற்றுகிறேன். நீயே சொல், நான் என்ன செய்ய?

உன் மனைவிக்கு நீ முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? ஆகவே இதை அவளுக்குப் படித்துக் காட்டு. நோரீன், உனக்குத்தான் சொல்கிறேன், 1965-ல் ஆடு திருட்டுச் சண்டையில் எங்கள் பெரிய தம்பி சீஃபிஸ், பக்கத்து ஊர் மெசோவூனியைச் சேர்ந்த பந்தெலிஸ் ஜெர்வாக்கிஸைச் சுட்டுக் கொன்றான். சிறையிலேயே நெஞ்சு நோய் வந்து செத்தும் போனான். ஆனால் இங்கே கணக்கு அப்படித் தீராது. அடுத்த ஆண்மகன் யாரோ அவன் தலைமேல் வந்து உட்காரும். அது உன் புருஷன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்த வாரமே அம்மா அவனைக் கப்பலேற்றினாள். செத்தவனின் தம்பி லெயோனிதாஸ்தான் இப்போது மெசோவூனியில் காப்பிக்கடை வைத்திருக்கிறான். போன கிறிஸ்துமஸுக்குக் கூட, "மனூசோஸ் வந்தா வரட்டும், நம்ம துப்பாக்கிக்கு இன்னும் துரு ஏறல" என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்லியிருக்கிறான்.

தொலைபேசியில் பேசாதே. ஊரில் இருப்பது ஒரே தொலைபேசி, அதைச் சுற்றி முப்பது காது. தபால்காரனும் ஜெர்வாக்கிஸ் வீட்டு மாப்பிள்ளை. என் கணவர் ஸ்ட்ராட்டிஸ் இதை ரெதிம்னோவில் போடுவார். நீயும் அங்கே நமக்கு நம்பிக்கையான துணிக்கடை விலாசத்துக்கே எழுது.

உன் அக்கா
அர்கிரோ

*

மெல்பர்ன்
26 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ட்ராம் பணிமனையில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். அங்கேதான் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நோரீனுக்கு எல்லாம் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம்தான் தெரியும் என்று நீ நினைத்ததே அதிகம். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அண்ணன் நோயில் இறந்தான் என்றுதான் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தேன். முழுதும் கேட்டாள். பிறகு, "இதுக்குத்தானா நீ எப்பவும் கதவப் பாத்தே உக்காருறே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். அவள் அப்படித்தான்.

அக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்குப் பயம். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை எழுதுகிற எழுத்தா இது என்று சிரிப்பாய், சிரி. இங்கே தெருவில் கார்க்கதவு படாரென்று சாத்தினால் இன்னும் என் கழுத்து உள்ளே போகிறது. கிரேக்கர்களின் கடைப் பக்கமே போகமாட்டேன். வெண்ணெயும் தொத்திறைச்சியும் தின்றே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

அம்மாவைப் பார்க்க வேண்டும். ஆனால் எப்படி? இராக்லியோவில் இறங்கி நம் வீட்டுக்கு வர ஒரே சாலைதான் இருக்கிறது, அது லெயோனிதாஸின் காப்பிக்கடை நாற்காலிகளை உரசிக்கொண்டுதான் போகிறது. அந்த வழியில் புது வண்டி ஒன்று போனால் யார் வீட்டு மாமன், யார் வீட்டு மச்சான் என்று அவர்கள் சொல்லிவிடுவார்களே. பயமில்லாமல் வர ஒரு வழி சொல்லு. சொன்னால் வருகிறேன். சத்தியம்.

உன் தம்பி
மனூசோஸ்

*

பிரினாரி
20 மார்ச் 1984

அன்புத் தம்பிக்கு,

நானும் ஸ்ட்ராட்டிஸும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் எனக்குத்தான் தோன்றியது. இந்தச் சாலையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரே ஜாதி வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள். கோடை வந்தால் தினம் பத்து வண்டி வருகிறது. எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிச் சிவந்த மூக்கு. லெயோனிதாஸே அவர்களுக்குக் குளிர்பானம் விற்கிறான்.

ஆகவே நீ ஊர் தெரியாதவன் போல வா.

முதலில் மீசையை எடு. செத்துப்போன அப்பாவின் மீசை அப்படியே உன் முகத்தில் இருக்கிறது, போன வருஷம் நீ அனுப்பிய படத்தில் பார்த்துப் பயந்துவிட்டேன். இராக்லியோ துறைமுகத்துக்கு எதிரே வாடகைக்குக் கார் கொடுக்கிறார்கள், இருப்பதிலேயே சின்னதாக எடு. நோரீன் ஓட்டட்டும். நீ பக்கத்தில் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார். மனைவி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போகிற கிரீட்காரனை இந்த மலையில் ஒருவரும் பார்த்ததில்லை, நீ நம் ஆள் என்று கனவிலும் நினைக்க மாட்டார்கள். உனக்கு மானம் போகும், போகட்டும். உயிர் இருந்தால் மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாலைக்கு வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு நினைவுபடுத்து. உங்கள் ஊரில் இடப்பக்கமாமே.

நேராக வந்துவிடாதே. ஊர்க்காரன்தான் நேராக வருவான். நீ எல்லா இடத்திலும் நிற்க வேண்டும். காலையில் க்னோசோஸ் அரண்மனைக்குப் போங்கள், எல்லோரும் போகிறார்கள். அங்கிருந்து திரும்பி மேற்கே, புது நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் திலிசோஸ். அங்கே பழைய வீடுகளின் இடிபாடு இருக்கிறது, காவலாளி தூங்கிக்கொண்டிருப்பான். அரைமணி நேரம் கல்லைப் பார். பிறகு பெராமா வரை மலையும் ஆலிவ் தோப்பும்தான். பெராமாவில் பெட்ரோல் போடாதே, அந்தக் கடைக்காரன் அவர்களுக்குச் சம்பந்தி. இராக்லியோவிலேயே நிரப்பிக்கொள். பெராமாவிலிருந்து மெலிதோனி குகைக்கு வலப்பக்கம் ஒரு கிளைச்சாலை. துருக்கியர்கள் நம் ஆட்களைப் புகை போட்டுக் கொன்ற குகை. உள்ளே போய் வருகிறவர்கள் பேசாமல்தான் வெளியே வருவார்கள், நீயும் பேசாமல் வந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

திரும்பி வந்து தெற்கே மார்கரிதெஸ். குயவர் தெரு முழுக்கப் பானை காய வைத்திருப்பார்கள். ஒரு பானை வாங்கு, காரின் பின்கண்ணாடியில் தெரிகிற மாதிரி வை. காப்பி குடிக்க உட்கார்ந்தால் நம் காப்பியைக் கேட்டுத் தொலைக்காதே. குளிர்ந்த காப்பியை ஸ்ட்ரா போட்டுக் குடி.

அதற்கு மேலே எலெஃப்தெர்னா. பழைய கோபுரம், பாறையைக் குடைந்த தண்ணீர்த் தொட்டி. இங்கேதான் கவனம். இரண்டரை மணி வரை அந்தத் தொட்டிக்குள் நிழலில் இருங்கள். இரண்டரைக்கு மெசோவூனி ஆண்கள் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். பிறகு ஏழு வளைவு. ஊர்ப்பெயர்ப் பலகையைச் சுட்டுச் சுட்டுச் சல்லடையாக்கியிருக்கிறார்கள், எழுத்தே தெரியாது, அதுதான் மெசோவூனி. இடப்பக்கம் காப்பிக்கடை, வலப்பக்கம் தேவாலயம். மெதுவாகவும் போகாதே, விரட்டவும் விரட்டாதே. யாராவது கையாட்டினால் முட்டாள் மாதிரிச் சிரித்துக் கையாட்டு. வாயை மட்டும் திறக்காதே. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஸ்ட்ராட்டிஸ் தன் லாரியின் மூடியைத் தூக்கி வைத்து, பழுதானவன் போலச் சாலையில் நிற்பார். அவரைப் பார்த்தால் மூச்சு விடு.

இதை எழுதி முடித்து மறுபடி படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பயத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பயப்படாதவன் உயிரோடு வரமாட்டான்.

அக்கா
அர்கிரோ

*

மெல்பர்ன்
15 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்கா,

உன் வழி எனக்கு மனப்பாடம். நோரீன் தினம் தேர்வு வைக்கிறாள். திலிசோஸுக்கு அடுத்து என்ன, பெட்ரோல் எங்கே, காப்பி எப்படி. வரைபடத்தில் மெசோவூனியே இல்லை என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். அந்த ஊர் அச்சில் இல்லாமலேயே போகட்டும் என்றேன்.

மீசையை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு வங்கி குமாஸ்தா. மகள் பார்த்து, "அப்பா, நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவளை நோரீனின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். எனக்கு ஏதாவது ஆனால் என்று ஒரு காகிதமும் எழுதி வைத்துவிட்டேன், நோரீனுக்குத் தெரியாது.

ஜூன் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை இராக்லியோவில் இறங்குகிறோம். மறுநாள் சனிக்கிழமை காலை கிளம்புவோம். யோசித்துத்தான் எடுத்தேன். வார இறுதியில் சுற்றுலா வண்டி அதிகமாக ஓடும், கும்பலோடு கும்பலாக வந்துவிடலாம்.

அம்மாவிடம் தேதியைச் சொல்லாதே. வழியில் ஏதாவது ஆனால் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இல்லை, சொல். எனக்கே தெரியவில்லை, உன் இஷ்டம். நான் எழுந்திருக்கும்போதும் பயம், படுக்கும்போதும் பயம். நடுவில் கொஞ்ச நேரம் சந்தோஷமாகவும் இருக்கிறது. அம்மா என்னை அடையாளம் கண்டுகொள்வாளா, மீசை இல்லாமல்?

மனூசோஸ்

*

பிரினாரி
28 மே 1984

தம்பி மனூசோஸ்,

இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்க வேண்டுமே, மாதாவே. உன் கடிதம் துணிக்கடையில் மூன்று வாரம் கிடந்திருக்கிறது. கடைக்காரரின் மகளுக்குக் கல்யாணமாம், மறந்துவிட்டாராம். நேற்றுத்தான் கைக்கு வந்தது. 

ஜூன் ஒன்பது என்ன நாள் என்று உனக்கு மறந்துவிட்டதா? பெந்தகோஸ்துக்கு முந்தைய சனி. செத்தவர்கள் பெயரால் கோதுமை அவித்துக் கொடுக்கிற ஆன்மாக்களின் சனிக்கிழமைடா! பத்தொன்பது வருஷம் அந்நிய தேசத்தில் இருந்தால் இதுவுமா மறக்கும்?

அன்றைக்கு மெசோவூனியில் ஒருவரும் படுக்க மாட்டார்கள். ஊரே தேவாலயத்து வாசலில் இருக்கும். அந்தக் காலியோபி, பந்தெலிஸைப் பெற்றவள், வருஷா வருஷம் மகன் பெயரால் மூன்று பானை கோதுமை அவித்துத் தட்டோடு சாலையில் நிற்பாள். கடைசிப் பிடி தீரும்வரை வீட்டுக்குப் போகமாட்டாள். வண்டி ஒன்றையும் விடமாட்டாள், பேருந்தைக் கூட மறித்துவிடுவாள். லெயோனிதாஸ் பக்கத்திலேயே நிற்பான்.

சனிக்கிழமை வராதே. திங்கள் வா, செவ்வாய் வா. அம்மாவிடம் நான் ஒன்பதாம் தேதி என்று சொல்லிவிட்டேன், நேற்று முதல் தலை வாரிவிடச் சொல்லி ஒரே தொல்லை. பரவாயில்லை, நான் சமாளிக்கிறேன். அவசரத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ கிளம்புவதற்குள் வந்துவிடும் என்று ஸ்ட்ராட்டிஸ் சொல்கிறார். அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா

*

இராக்லியோ
10 ஜூன் 1984, ஞாயிறு

அக்கா,

நான் இராக்லியோவில் இருக்கிறேன். இன்று சாயங்காலக் கப்பலில் ஏதென்ஸ் போகிறோம். நீ இதைப் படிக்கும்போது நான் வெகுதூரத்தில் இருப்பேன். திட்டு. ஆனால் முதலில் முழுதாகப் படி.

எல்லாம் நீ எழுதியபடியே நடந்தது. க்னோசோஸ், திலிசோஸ், குகை. மார்கரிதெஸில் நோரீன் நீலப் பானை ஒன்று வாங்கினாள். எலெஃப்தெர்னா தொட்டிக்குள் இரண்டரை மணி வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு ஏழு வளைவு. பலகையைப் பார்த்தேன். அப்புறம் சாலை முழுக்க ஆட்கள், ஆளாளுக்குக் கையில் தட்டு. அப்போதுதான் எனக்கு என்ன நாள் என்று உறைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு கறுப்பு உடைக்காரக் கிழவி காரின் முன்னால் வந்து நின்றுவிட்டாள். நோரீன் நிறுத்தினாள், வேறென்ன செய்வாள்? கிழவி என் பக்கம் வந்து ஜன்னல் வழியாக ஒரு காகிதத்தில் கோதுமையை நீட்டினாள். மேலே உலர்ந்த திராட்சை, வறுத்த எள். காலியோபி. தலை முழுக்க நரைத்துவிட்டது, கண் அதே கண்.

நான் வாங்கினேன். வாங்கினால் போதும், சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கோதுமை கைக்கு வந்ததும் செத்தவருக்காக என்ன சொல்ல வேண்டுமோ அது வாயில் தானாக வந்துவிட்டது.

"கடவுள் அவன மன்னிக்கட்டும் தாயே."

நம் மலைப் பேச்சில், நம் வீட்டு இழுவையில், அப்பா சொல்கிற மாதிரியே. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவள் நகரவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் வாயையே, மீசை இருந்த இடத்தையே பார்த்தாள். "நீ யாரு வீட்டுப் புள்ளப்பா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அவளுக்குப் பின்னால் லெயோனிதாஸ் திரும்பினான். என்னைப் பார்த்தான், விடுவிடுவென்று தன் லாரிப் பக்கம் போனான்.

திருப்பு, திருப்பு என்று கத்தினேன். நோரீன், "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, போயிடலாம்" என்றாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன் அக்கா. கார் தேவாலயச் சுவரில் உரசித் திரும்பியது. கோதுமை முழுக்க மடியில், சீட்டில், காலடியில். பெராமா வரும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.

 இன்று மறுபடி பிரினாரிக்கே போகலாம் என்று நோரீன் ஒரே ஒரு முறை சொன்னாள். என்னால் முடியவில்லை.  நான் வந்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி உங்களையும் சும்மா விடமாட்டார்கள். கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், ஸ்ட்ராட்டிஸ் அத்தானைத் தனியாக மேய்ச்சலுக்கு விடாதே.

அம்மாவிடம் என்ன சொல்வாய்? விமானம் கிடைக்கவில்லை என்று சொல். நான் கோழை என்று மட்டும் சொல்லாதே.

மனூசோஸ்

*

பிரினாரி
21 ஜூன் 1984

தம்பி,

நான் மே 28-ல் எழுதிய கடிதம் இதற்குள் உன் வீட்டில் வந்து கிடக்கும். அதை இனிப் பிரிக்க வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. நீதான் என்று ஓடித் திறந்தேன். காலியோபி நின்றாள். நான்கு கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறாள், கையில் கோதுமைத் தட்டு. பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டுக் கால் நம் வாசலை மிதித்ததில்லை.  "திரும்பி ஓடின பையங்கிட்டேர்ந்து ஏதாவது சேதி வந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதை எழுதுகிறேன். லெயோனிதாஸ் லாரிக்குப் போனது துப்பாக்கிக்காகத்தான். நீ பயந்தது பொய்யில்லை. ஆனால் அவன் அதை எடுத்துக்கொண்டு திரும்பும்போது இவள் தட்டோடு நடுச்சாலையில் நின்றிருக்கிறாள். "எம் மவன் கோதுமைய வாங்கி, வாயாரச் சொல்லிட்டான்டா. இனி அவன்மேல கை வைக்கணும்னா மொதல்ல இந்தத் தட்டத் தட்டி விட்டுட்டுப் போ." ஊரே பார்த்துக்கொண்டு நின்றதாம். லெயோனிதாஸ் துப்பாக்கியை லாரியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதானாம். அதற்குள் உன் கார் மூன்று வளைவு இறங்கியிருந்தது.

"உங்க வீட்டுலேர்ந்து யாராவது ஒருத்தர் எம் புள்ளைக்காக அந்த வார்த்தையச் சொல்லுவாங்களான்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள் என்னிடம். நாங்கள் சொல்லவில்லையே தம்பி. நானும் அம்மாவும் பத்தொன்பது வருஷமாக அவர்கள் வீட்டுச் சாவைப் பற்றி வாய் திறக்கவே பயந்தோம். பேசினால் ரத்தம் வரும் என்று நினைத்தோம். பேசாததால்தான் அது ஆறாமல் கிடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ராட்டிஸ் லாரியை எடுத்துக்கொண்டு இராக்லியோவுக்கு ஓடினார். ஒவ்வொரு விடுதியாகக் கேட்டார். சிவப்புத் தலைமுடிக்காரியும் மீசை இல்லாத கணவனும் துறைமுகத்துக்குப் போனார்கள் என்று ஒரு விடுதியில் சொன்னார்களாம். அவர் போனபோது கப்பல் கிளம்பி அரைமணி ஆகியிருந்தது.

லெயோனிதாஸுக்குப் பிப்ரவரியில் ஒரு ஆண் குழந்தை. இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பந்தெலிஸ் என்று பெயர் வைக்கப் போகிறார்கள். ஞானத்தந்தையாக நீ நிற்க வேண்டும் என்று பாதிரியார் மூலம் கேட்டிருக்கிறார்கள். நீ அந்தக் குழந்தையைத் தொட்டியில் முக்கி எடுத்தால் இரண்டு வீடும் உறவு, அதற்கு மேல் யாரும் யாரையும் தொட முடியாது. ஆகஸ்ட் பதினைந்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு என்று சொல்கிறார்கள். அதற்கு மேல் காத்திருந்தால் லெயோனிதாஸின் மனம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இத்தனையும் முதலில் எழுதிவிட்டேன், இன்னொன்றை எழுத வராமல்.

அம்மா திங்கள்கிழமை காலை போய்விட்டாள். காலியோபிதான் சனிக்கிழமையிலிருந்து பக்கத்தில் இருந்து அம்மாவின் கண்களை மூடிவிட்டாள். சனிக்கிழமை முழுக்க அம்மா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், தலை வாரி, கறுப்புப் பட்டுத் துண்டு கட்டிக்கொண்டு. எங்கே அவன், எங்கே அவன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது திலிசோஸில் இருப்பான் அம்மா, இப்போது குகையில் இருப்பான் அம்மா. காலியோபி வந்து சொன்ன பிறகும் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நான் உனக்கு எழுதிக் கொடுத்த வழியையே அவளுக்கும் சொன்னேன். ஞாயிறும் அதையே சொன்னேன்.

கடைசியாக, "இன்னும் வரலியேடி" என்றாள். மார்கரிதெஸில் நின்று உனக்குப் பானை பார்த்துக்கொண்டிருக்கிறான், அம்மா, நல்லதாகப் பார்த்து எடுக்கிறான் என்றேன். "அவசரப்படுத்தாத, மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தாள்.

வருவாயா மாட்டாயா, ஒரு வரி எழுது.

அர்கிரோ